பழைய கோயிலை மாற்றிக் கட்டும்போது சபை உடையாமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நெல்லை, தூத்துக்குடிச் சீமையின் கிராமக் கிறிஸ்தவச் சபைகளில் நூறு வருடம் தாண்டிய கோயில்கள் (தேவாலயங்கள்) ஏராளம். கூட்டம் பெருத்துவிட்டது, ஓடு ஒழுகுகிறது, சுவர் வெடித்திருக்கிறது என்று பேச்சு எழும். இரண்டு வருடத்தில் புதுக் கோயில் எழும்பியும் விடும். ஆனால் பிரதிஷ்டை அன்று பத்துக் குடும்பம் வெளியே நிற்கும், நீதிமன்றத்தில் ஒரு வழக்கு கிடக்கும், அண்ணன் தம்பிகள் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார்கள். இந்த வழிகாட்டி தென்னிந்தியத் திருச்சபையின் சேகரத் தலைவர்கள் (சேகரம் என்பது சில சபைகள் சேர்ந்த தொகுதி), சபை மன்றத்தார், கட்டிடக் கமிட்டியார் ஆகியோருக்காக எழுதப்படுகிறது. 100 முதல் 300 குடும்பங்கள் உள்ள சபையை மனதில் வைத்திருக்கிறோம். சட்ட விதிகள் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் (ஒரு பேராயரின் கீழ் உள்ள பகுதி) கொஞ்சம் மாறும், அவற்றை உங்கள் திருமண்டல அலுவலகத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மனிதர்களை நடத்தும் வேலை எங்கேயும் ஒன்றுதான்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சபையார் மாற்றத்தைக் கண்டு பயப்படுவதில்லை. இன்னின்ன பொருள், இன்னின்ன இடம் போய்விடும் என்றுதான் பயப்படுகிறார்கள். அந்த இழப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

1. இழப்புப் பட்டியல்

வரைபடம் போடும் முன், பொறியாளரைக் கூப்பிடும் முன், மூன்று மாதம் வீடு வீடாகப் போங்கள். ஆயர் தனியாகப் போக வேண்டாம், கமிட்டிக்காரர் மட்டும் போகவும் வேண்டாம். ஆயர், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருவர், வாலிபர் ஒருவர் என்று மூன்று பேராகப் போனால் எல்லா வயதுக்காரரும் வாய் திறப்பார்கள். வாரத்துக்கு எட்டுப் பத்து வீடு என்று வைத்தால் 120 குடும்பத்தை மூன்று மாதத்தில் பார்த்து முடிக்கலாம்.

கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். இந்தக் கோயிலில் உங்களுக்கு எது போகக் கூடாது? இப்போது எதனால் கஷ்டப்படுகிறீர்கள்? புதிதாகக் கட்டினால் உங்களுக்கு என்ன பயம்? "புதுக் கோயில் வேண்டுமா" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வாசலிலேயே ஊர் இரண்டு கட்சியாகிவிடும்.

வரும் பதில்கள் சின்னச் சின்னதாக இருக்கும். தாத்தா பெயர் போட்ட பெஞ்சு. அம்மா வாங்கி மாட்டிய மின்விசிறி. உபதேசியாராக இருந்து கோயில் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டவரின் கல்லறை. தெற்கு வாசலில் நிற்கும் வேம்பு. முழங்கால் வலியோடு வரும் பாட்டி சாய்ந்து உட்காரும் தூண். விடியற்காலை மணிச் சத்தம். எதையும் அற்பம் என்று ஒதுக்காதீர்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: குடும்பம், சொன்னது, என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும்வரை வரைபடம் போகக் கூடாது. சிலவற்றுக்கு "காப்பாற்ற முடியாது, படம் எடுத்து வைப்போம்" என்பதே பதிலாக இருக்கும். அதையும் அந்த வீட்டில் போய் நேரில் சொல்லிவிட வேண்டும்.

வெளியூரில் இருப்பவர்களைத் தனியாகக் கவனியுங்கள். சென்னை, மும்பை, வளைகுடா என்று போனவர்கள் மே மாதமும் கிறிஸ்துமஸுக்கும் அசனத்துக்கும் (சபையின் பொது விருந்து) வருகிறார்கள். பழைய கோயில் மேல் பாசம் அவர்களுக்குத்தான் அதிகம், பணமும் அவர்களிடம்தான் அதிகம். தினமும் ஒழுகும் கூரைக்குக் கீழே உட்காருகிறவர்களோ ஊரில் இருப்பவர்கள். வெளியூர்க்காரரிடம் கருத்துக் கேளுங்கள், வரைபடம் அனுப்புங்கள். வாக்கு மட்டும் சபைப் பதிவேட்டில் பெயர் உள்ள, சங்கக் காணிக்கை செலுத்துகிற உறுப்பினர்களுக்கே. இதை முதல் நாளே தெளிவாக்காத சபைகளில் "பணம் நாங்கள் கொடுக்கிறோம், முடிவு நீங்கள் எடுப்பதா" என்ற பேச்சு கடைசிவரை ஓயாது.

2. இடிக்கத்தான் வேண்டுமா

இந்தக் கேள்வியை உண்மையாகவே கேளுங்கள், முடிவை எடுத்துவிட்டுச் சம்பிரதாயத்துக்குக் கேட்காதீர்கள். பழைய கோயில்கள் பல சுண்ணாம்புக் காரையில் செங்கல்லோ கருங்கல்லோ வைத்துக் கட்டியவை. மேலே தேக்கு உத்திரம், பனங்கை, ஓடு. இவற்றில் நாம் காணும் சேதம் பெரும்பாலும் பிற்காலப் பழுதுபார்ப்பால் வந்தது. சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூசினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், பூச்சு பாளம் பாளமாக விழும். பார்ப்பவர்கள் சுவர் செத்துவிட்டது என்பார்கள். பூச்சைத் தட்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பில் பூசினால் அந்தச் சுவர் இன்னும் பல காலம் நிற்கும்.

வெடிப்பு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லை இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்துப் பதித்து, மேலே தேதி எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் பாருங்கள். சில்லு உடைந்திருந்தால் சுவர் நகர்கிறது, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். உடையாமல் இருந்தால் அது பழைய வெடிப்பு, அடைத்துவிடலாம்.

இரண்டு அறிக்கை வாங்குங்கள். ஒன்று கட்டமைப்புப் பொறியாளரிடம், இன்னொன்று சுண்ணாம்புக் கட்டிடங்களைப் பழுதுபார்த்த அனுபவம் உள்ளவரிடம். புதுக் கட்டிடத்துக்கு ஒப்பந்தம் எடுக்கப்போகிறவரிடம் மட்டும் யோசனை கேட்டால் ஒரே பதில்தான் கிடைக்கும். பிறகு மூன்று வழிகளையும் ஒரே தாளில், ஒரே அளவு நேர்மையோடு எழுதுங்கள்: பழுதுபார்த்துக் காப்பது, பழையதை வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நீட்டுவது, இடித்துக் கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் செலவு, காலம், எத்தனை பேர் உட்காரலாம், இழப்புப் பட்டியலில் எவை எவை போகும் என்று போடுங்கள். எங்கள் கருத்தைக் கேட்டால், அஸ்திவாரம் நன்றாக இருக்கும் கோயிலை இடிக்கவே கூடாது என்போம். கூட்டம்தான் பிரச்சினை என்றால் ஞாயிறு இரண்டு ஆராதனை வைத்து ஆறு மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம்.

இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-இல் பிரதிஷ்டை ஆவதற்குள் 33 வருடம் ஆகிவிட்டது. அவ்வளவு பொறுமை இன்று யாருக்கும் இல்லை. ஒரு மழைக்காலம் பொறுப்பதற்காவது மனம் வேண்டும்.

3. கூட்டமும் வாக்கும்

சபை மன்றத்தில் பன்னிரண்டு பேர் கைதூக்கிய முடிவைச் சபையின் முடிவென்று எடுத்துக்கொள்ள முடியாது. பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். கூட்டத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் அறிவியுங்கள், அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், மூன்று வழித் தாளை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுங்கள். பொதுக்கூட்டத்தில் பெண்கள் அதிகம் பேச மாட்டார்கள். அதனால் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு ஒரு கூட்டம், வாலிபருக்கு ஒன்று, 60 வயது தாண்டியவர்களுக்குப் பகல் நேரத்தில் ஒன்று என முன்கூட்டியே வையுங்கள். அவற்றில் வந்த கருத்துகளைப் பொதுக்கூட்டத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், வாசியுங்கள்.

வாக்கெடுப்பு இரகசியச் சீட்டில் நடக்கட்டும். கைதூக்கச் சொன்னால் மாமனார் முகத்தைப் பார்த்துத்தான் மருமகன் தூக்குவான். வாக்களிக்கும் முன்பே, எவ்வளவு பேர் ஒப்பினால் தொடங்குவோம் என்று தீர்மானம் போடுங்கள். சட்டத்துக்குப் பாதிக்கு மேல் போதும் என்றாலும், வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 55-க்கு 45 என்று வந்தால் தொடங்காதீர்கள். அந்த 45 பேரின் பணமும் உழைப்பும் இல்லாமல் கூரை ஏறாது. ஆறு மாதம் தள்ளி வையுங்கள், இழப்புப் பட்டியலை மறுபடி எடுங்கள், வரைபடத்தைத் திருத்துங்கள்.

நம் திருச்சபையே இப்படிப் பிறந்ததுதான். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய, பல திருச்சபைகளை ஒன்றாக்கும் ஒன்றிணைப்புப் பேச்சு 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேற 28 வருடம் பிடித்தது. எந்தச் சபையின் மேலும் அதன் மனசாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டு முறையோ ஊழியமோ திணிக்கப்படாது என்ற உறுதிமொழியை எழுத்தில் வைத்தார்கள். அப்படியும் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன் சபையாரில் பலர் அப்போது சேரவில்லை. அவர்கள் வருவதற்குக் கதவு திறந்தே இருந்தது.

தீர்மானம் நிறைவேறியதும் நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே எழுதி, வாசித்து, கையெழுத்து வாங்குங்கள். வந்தவர் எண்ணிக்கை, சீட்டு எண்ணிக்கை, செல்லாத சீட்டு, எண்ணியவர்கள் பெயர் எல்லாம் இருக்கட்டும். இரண்டு தரப்பிலிருந்தும் ஒருவர் எண்ண வேண்டும். பின்னால் தடையுத்தரவு கேட்டு யாராவது நீதிமன்றம் போனால் இந்தத் தாள்தான் பேசும். பாதி இடித்த நிலையில் தடையுத்தரவு வந்தால் கூரையில்லாத சுவர் மழையில் கரையும், சபை மரத்தடியில் வருடக்கணக்கில் கூடும்.

அனுமதிகள்: கோயில் சொத்து பெரும்பாலும் தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். ஆகவே திருமண்டலச் செயற்குழுவின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லும் எடுக்கக் கூடாது. பத்திரம், பட்டா, எல்லை அளவு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். வழிபாட்டுக் கட்டிடத்துக்கு ஊராட்சியின் கட்டிட அனுமதியோடு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதியும் வாங்க வேண்டியிருக்கும். பழைய கோயில் அங்கேயே இருந்தது என்பதற்கான சான்றுகளை, அதாவது பழைய படம், வரி ரசீது, மின் இணைப்பு, பதிவேட்டு நகல் ஆகியவற்றை, இடிக்கும் முன்பே கோப்பில் சேருங்கள். இடித்த பிறகு அவற்றைத் தேட முடியாது.

4. ஒப்பாதவர்கள்

தோற்ற தரப்பை ஆயர் எப்படி நடத்துகிறார் என்பதைச் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு விதியை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பிரசங்க பீடத்திலிருந்து இந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் குத்திப் பேசக் கூடாது. கீழே உட்கார்ந்திருப்பவர் எழுந்து பதில் சொல்ல முடியாத இடம் அது. "கர்த்தருடைய வேலைக்குத் தடையாக நிற்பவர்கள்" என்று ஒரு ஞாயிறு சொன்னால் போதும், அந்தக் குடும்பம் பக்கத்து ஊர் சபைக்குப் போய்விடும்.

எஸ்றா 3-ஆம் அதிகாரத்தை இந்த நேரத்தில் கமிட்டியாரோடு உட்கார்ந்து வாசியுங்கள். புது ஆலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது முந்தின ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் சத்தமிட்டு அழுதார்கள், மற்றவர்கள் சந்தோஷத்தால் ஆர்ப்பரித்தார்கள், எது எந்தச் சத்தம் என்று பகுத்தறியக் கூடாமல் இருந்தது. அழுதவர்களை அங்கே யாரும் அதட்டவில்லை.

எதிர்த்தவர்களுக்கு உண்மையான பொறுப்பு கொடுங்கள். பழைய கோயில் மேல் பிடிப்புள்ளவரைவிடப் பழைய பொருட்களைப் பத்திரமாகப் பார்ப்பவர் யாரும் இல்லை. பொருட்பட்டியல் குழுவுக்கு அவர்களில் ஒருவரே தலைவராக இருக்கட்டும். கணக்குத் தணிக்கையிலும் ஒருவரை வையுங்கள். அவர் கையெழுத்துப் போட்ட கணக்கை ஊரே நம்பும்.

தேர்தலையும் கவனத்தில் வையுங்கள். சபை மன்றத் தேர்தல் வரும் வருடத்தில் இந்த முடிவை எடுத்தால் கோயில் தேர்தல் கோஷமாகிவிடும். தோற்ற அணி ஜெயித்ததும் ஒப்பந்தக்காரரை மாற்றும். கட்டிடக் கமிட்டியைச் சபை மன்றத்திலிருந்து தனியாகப் பிரித்து, வேலை முடியும்வரை தொடரும் என்று பொதுக்கூட்டத் தீர்மானத்திலேயே எழுதுங்கள். ஒன்பது பேர் போதும். குறைந்தது மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும்.

5. பணம்

கூரை ஏறும் வரைக்கும் ஆகும் தொகை வங்கியில் வராமல் இடிக்காதீர்கள். மதிப்பீடு 1 கோடி என்றால் கூரை கான்கிரீட் வரை ஏறத்தாழ பாதி ஆகும் என்று வையுங்கள். பூச்சு, தரை, கதவு, ஜன்னல், மின்சாரம், வர்ணம் எல்லாம் மீதிப் பாதி. அதன் மேல் விலையேற்றத்துக்கு 15 சதவீதம் ஒதுக்குங்கள். இடித்துவிட்டால் சபையார் தானாகக் கொடுப்பார்கள் என்ற கணக்கு பல ஊர்களில் அஸ்திவாரத்தோடு நின்றிருக்கிறது.

தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வரி போடுவது நியாயமாகத் தோன்றும். ஆனால் பனையேறியவர் வீட்டுக்கும் அரசு உத்தியோகத்தர் வீட்டுக்கும் ஒரே தொகை என்றால், கட்ட முடியாதவர் கூச்சத்தால் கோயிலுக்கு வருவதையே குறைத்துக்கொள்வார். சபையார் தாங்களே எழுதித் தரும் பொருத்தனைச் சீட்டு வைப்பது நல்லது: 24 மாதம், மாதம் எவ்வளவு, கூலி வேலையாகத் தருவதானால் எத்தனை நாள். சீட்டு உறையில் வரட்டும். தொகைகளை ஆராதனையில் வாசிக்க வேண்டாம். எழுதியதில் பத்தில் எட்டுப் பங்கு வந்தாலே பெரிது என்று திட்டமிடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தை இதில் சேர்க்காதீர்கள், அது சபையின் வழக்கமான செலவுக்கு வேண்டும்.

கணக்கு விதிகள் கறாராக இருக்க வேண்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு காசுக்கும் எண்ணிட்ட ரசீது. ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வருமான வரிச் சட்டம் அதைத் தடுக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் கொடுத்தால், அவர் நம் ஊர்ப்பிள்ளையே ஆனாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். சபையின் சாதாரணக் கணக்கில் வாங்கினால் வில்லங்கம் வரும். அப்படிப்பட்ட பணத்தைத் திருமண்டல அலுவலகத்தைக் கேட்டே வாங்குங்கள்.

மாதம் முதல் ஞாயிறு வரவுசெலவு பலகையில் ஒட்டப்பட வேண்டும். கம்பி வந்தால் எடைமேடைச் சீட்டு, சிமெண்ட் வந்தால் மூட்டை எண்ணிக்கையும் வாங்கியவர் கையெழுத்தும், மணல் வந்தால் வண்டி எண். இவை ஒரு நோட்டில் அன்றன்றே ஏறட்டும். பணம் கையாடப்படுவதைவிட, கையாடப்பட்டது என்ற பேச்சே அதிகச் சபைகளைப் பிரித்திருக்கிறது. அந்தப் பேச்சுக்கு நோட்டுதான் மருந்து.

கல்வெட்டுப் பெயரைப் பற்றிய முடிவைப் பணம் வசூலிக்கும் முன்பே எடுங்கள். யார் பெயர் மேலே, கமிட்டியார் பெயர் உண்டா, ஒரு லட்சம் கொடுத்தவருக்குத் தனிக் கல்லா என்பதெல்லாம் பிரதிஷ்டைக்கு முந்தின வாரம் பேசினால் அடிதடியில் முடியும். எங்கள் யோசனை: வாசலில் ஒரே கல், அதில் தேதியும் வசனமும் மட்டும். கொடுத்த எல்லோர் பெயரும், கூலி வேலை செய்தவர் உட்பட, அகர வரிசையில் ஒரு பதிவேட்டில். பழைய கோயிலில் இருந்த நினைவுக் கற்கள் அனைத்தும் புதுச் சுவரில் இடம்பெறும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அந்த இடம் வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும்.

6. காலக்கணக்கு

லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) நம் சபைகளில் திருமணம் வைப்பதில்லை. ஆகவே லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு பழைய கோயிலில் கடைசி ஆராதனை, லெந்து முழுவதும் இடமாற்றமும் இடிப்பும் என்று வைத்தால் எந்தக் கல்யாண வீட்டுக்கும் தொந்தரவு இல்லை. சித்திரை, வைகாசியில் அஸ்திவாரம், ஆனி, ஆடியில் சுவர், புரட்டாசிக்குள் கூரை. ஐப்பசி மழை தொடங்கும்போது கூரை கான்கிரீட் காய்ந்திருக்க வேண்டும். மழைக்குள் கூரை முடியாது என்று தெரிந்தால் அந்த வருடம் இடிக்கவே வேண்டாம், அடுத்த லெந்துக்குத் தள்ளுங்கள்.

ஆயர் மாற்றத்தையும் கணக்கில் எடுங்கள். நடுவழியில் ஆயர் மாறினால் வருகிறவருக்கு எதுவும் தெரியாது, இரண்டு தரப்பும் தனித்தனியாகக் கதை சொல்லும். தீர்மானம், அனுமதிகள், ஒப்பந்தம், இழப்புப் பட்டியல், சபைக்குக் கொடுத்த வாக்குறுதிகள் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் வைத்துப் புது ஆயர் வந்த முதல் வாரம் கட்டிடக் கமிட்டி முழுவதும் கூடி அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

7. பொருட்கள், பதிவேடுகள், கல்லறைகள்

இடிக்கும் முன் ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டிப் படம் எடுங்கள்: ஆல்டர் (திருவிருந்து மேசை), ஞானஸ்நானத் தொட்டி, பிரசங்க பீடம், திருவிருந்துப் பாத்திரங்கள், பெஞ்சுகள், விளக்குகள், நினைவுக் கற்கள், மின்விசிறி வரைக்கும். எது யார் வீட்டில் இருக்கிறது என்று கையெழுத்தோடு எழுதுங்கள். தேக்கு உத்திரங்களை விலை பேசும் முன், அவை புதுக் கோயிலின் ஆல்டருக்கோ கதவுக்கோ உதவுமா என்று ஆசாரியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய மரத்தை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டுப் புது மரம் வாங்குவது பல இடங்களில் நடக்கிறது.

ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். அசல் ஏடுகள் தகரக் கொட்டகையில் ஒரு நாளும் இருக்கக் கூடாது. சூட்டில் தாள் மொறுமொறுத்துவிடும், கறையான் ஏறும். சேகர அலுவலகத்தில் இரும்பு அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

கல்லறைகளுக்கு அஸ்திவாரக் குழியிலிருந்து தாராளமாக இடம் விடும்படி பொறியாளரிடம் சொல்லுங்கள். ஒரு கல்லறையை நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் குடும்பத்தின் எழுத்துச் சம்மதமும் அரசு அனுமதியும் வேண்டும். அதைவிட வரைபடத்தை நகர்த்துவதே மேல்.

மணியைக் கழற்றிய அன்றே வேறிடத்தில் மாட்டிவிடுங்கள். நான்கு இரும்பு ஆங்கிளை நட்டுக் குறுக்கே ஒரு கர்டர் போட்டால் போதும். கழற்றும்போது சங்கிலிக் கப்பி வைத்து மெதுவாக இறக்குங்கள், கயிறு கட்டி இறக்கினால் விழுந்து விரிசல் விடும். விரிசல் விட்ட மணி பழைய நாதம் தராது. விடியற்காலை மணி அடுத்த நாளும் அதே நேரத்துக்கு அடித்தால், படுக்கையில் கிடக்கும் பெரியவர்களுக்குச் சபை உயிரோடிருக்கிறது என்று தெரியும்.

8. கடைசி ஆராதனையும் கொட்டகையும்

கடைசி ஆராதனையைப் பெரிய நிகழ்ச்சியாக்க வேண்டாம், வெளியூர் விருந்தாளிகளும் வேண்டாம். வழக்கமான திருவிருந்து ஆராதனையோடு, அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் மூத்தவர் ஒருவர் சாட்சி சொல்லட்டும். முடிந்ததும் திருவிருந்துப் பாத்திரங்களையும் வேதாகமத்தையும் சிலுவையையும் கீர்த்தனை பாடிக்கொண்டே கொட்டகைக்கு எடுத்துச் செல்லுங்கள். மறுநாளே இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் கதவைத் திறந்து வையுங்கள். தனியாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போக நினைப்பவர்கள் இருப்பார்கள்.

கொட்டகையில் நாற்காலி போட்டால் ஆளுக்கு 8 சதுர அடி, பாயில் உட்கார்ந்தால் 6 சதுர அடி என்று கணக்கிட்டு, நடைபாதைக்குக் கால் பங்கு கூட்டுங்கள். 200 பேருக்கு நாற்காலி என்றால் 2,000 சதுர அடி வேண்டும். தகரத்தின் கீழ் விளிம்பு 12 அடியாவது உயரத்தில் இருக்கட்டும், மேலே தென்னங்கீற்று வேய்ந்தால் சூடு நன்றாகக் குறையும். தேரி (செம்மணல் மேடு) பக்கத்து ஊர்களில் ஆனி, ஆடிக் காற்று கொட்டகையைத் தூக்கிவிடும். கால்களைக் கான்கிரீட்டில் புதைத்து, தகரத்தை ஆணிக்குப் பதில் கொக்கி போல்ட்டால் பிடியுங்கள். வாசலில் ஒரு அடி ஏற்றத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம், பக்கத்தில் கழிப்பறை. இந்த இரண்டும் இல்லாவிட்டால் முதியவர்கள் இரண்டாவது வாரமே நின்றுவிடுவார்கள், நின்றவர்களைத் திரும்ப வரவைப்பது கஷ்டம்.

பள்ளிக்கூட மண்டபம் கிடைத்தால் கொட்டகைச் செலவு மிச்சம். ஆனால் பரீட்சைக் காலத்தில் இடம் கிடைக்காது, முன்பே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

9. வேலை நடக்கும் மாதங்கள்

மூன்றாம், நான்காம் மாதம் வருகை குறையும். அது எதிர்ப்பால் வருவதல்ல, சலிப்பால் வருவது. ஆராதனை நேரத்தை மாற்றாதீர்கள், ஓய்வுநாள் பள்ளியை நிறுத்தாதீர்கள், மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியைக் கட்டாயம் நடத்துங்கள். பிள்ளைகள் வந்தால் வீடு வரும். நெகேமியா 3-ஆம் அதிகாரத்தில் பலர் அவரவர் வீட்டுக்கு எதிரே இருந்த எருசலேம் அலங்கத்தை (நகர மதிலை)க் கட்டினார்கள். அதுபோலத் தெருவுக்கு ஒரு சனிக்கிழமை என்று தண்ணீர் விடுவது, கல் எடுத்துக் கொடுப்பது, வேலையாட்களுக்குக் காப்பி போடுவது என ஏதாவது ஒன்றை ஒப்படையுங்கள்.

கூரை ஏறியதும் பணம் வருவது நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கோயில் முடிந்ததுபோல் தெரியும் அல்லவா. மீதி வேலை என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று பலகையில் தனித்தனியாக எழுதினால் "இந்த ஜன்னல் எங்கள் குடும்பம்" என்று வருவார்கள்.

வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புக்கு மட்டும் வையுங்கள், கமிட்டிச் செயலர் ஒருவரே பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு யாரோ போடும் குரல் பதிவு மறுநாள் காலை நான்கு ஊருக்குப் போயிருக்கும். கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து அரைமணி நேரம் ஒதுக்குங்கள், பொறியாளரும் பொருளாளரும் அங்கே உட்கார வேண்டும்.

எதிரொலியைப் பற்றி இப்போதே யோசியுங்கள். ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவரும் மரமும் சத்தத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும். தட்டைக் கான்கிரீட் கூரையும் பளிங்குத் தரையும் வழவழப்பான சுவரும் சேர்ந்தால் பிரசங்கம் முழுவதும் இரைச்சலாகிவிடும். காது மந்தமானவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. "பழைய கோயிலில் ஜெபித்த மாதிரி இல்லை" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதிக் காரணம் இதுதான். பின்சுவரிலும் கூரையின் ஒரு பகுதியிலும் சொரசொரப்பான பூச்சோ மரப் பலகையோ ஒலி வாங்கும் தகடோ வையுங்கள். பெரிய ஒலிபெருக்கி இரண்டுக்குப் பதில், சிறியவற்றை வரிசைக்கு வரிசை குறைந்த சத்தத்தில் வையுங்கள். பூச்சு முடிந்த பிறகு இதைச் சரிசெய்ய இரட்டைச் செலவு.

10. பிரதிஷ்டை

வேலை முடியும் தேதியை ஒப்பந்தக்காரரிடம் கேட்டு, அதோடு இரண்டு மாதம் கூட்டி, அதன் பிறகுதான் பேராயரிடம் தேதி கேளுங்கள். தேதி வாங்கிவிட்டு வேலையை விரட்டினால் முட்டுப் பலகையை அவசரத்தில் பிரிப்பார்கள். 6 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பீம்களுக்கு 21 நாளாவது முட்டு நிற்க வேண்டும். கோயில் மண்டபங்களில் பீம்கள் அநேகமாக அந்த நீளத்தைத் தாண்டும். ஈரம் காயாத சுவரில் வர்ணம் அடித்தால் முதல் மழைக்கே உரியும்.

பேராயருக்கும் விருந்தாளிகளுக்கும் முன்வரிசை போய்விட்டு, கல் சுமந்தவர்கள் பந்தலுக்கு வெளியே நிற்கும் பிரதிஷ்டைகள் உண்டு. கதவைத் திறந்ததும் முதலில் நுழைவது யார் என்ற வரிசையைச் சபை மன்றமே தீர்மானிக்கட்டும்: சிலுவை, பேராயர், ஆயர்கள், பிறகு சபையின் முதியவர்கள், வேலை செய்த கொத்தனார், சித்தாள்கள், பிள்ளைகள். எதிர்த்து வாக்களித்த குடும்பங்களுக்கு அழைப்பிதழை ஆயரே வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அசனத்தில் பரிமாறும் பொறுப்பை எல்லாத் தெருவுக்கும் பிரித்துவிடுங்கள்.

11. முதல் ஒரு வருடம்

புதுக் கோயிலுக்குள் போன வருடத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள். ஆராதனை நேரம், ஆராதனை முறை, பாமாலையா புதுப் பாடல்களா என்பது, ஆண்கள் பெண்கள் உட்காரும் பக்கம், எல்லாம் பழையபடியே இருக்கட்டும். வாலிபர்கள் திரையும் கீபோர்டும் கேட்பார்கள், அவர்கள் ஆசை தப்பில்லை. இரண்டாம் வருடம் பேசுவோம் என்று தேதி சொல்லி எழுதிக் கொடுங்கள், அந்தத் தேதியில் பேசவும் செய்யுங்கள்.

முதல் ஞாயிறு பெஞ்சுகளில் இடம் பிடிக்கும் போட்டி வரும். பழைய கோயிலில் சாய்ந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுவரோரத்தில் சாய்வுள்ள நாற்காலிகள் முன்பே போட்டு வையுங்கள், கோயில்பிள்ளை (கோயில் பணியாளர்) கைபிடித்து அழைத்துப்போய் உட்கார வைக்கட்டும். முதல் அடக்க ஆராதனை, முதல் திருமணம், முதல் ஞானஸ்நானம் மூன்றையும் கூடுதல் கவனத்தோடு நடத்துங்கள். குடும்பங்கள் அவற்றைப் பழைய கோயிலில் நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

கடன் இருந்தால் அடைத்துத் தீரும்வரை மாதாந்திரக் கணக்கு பலகையில் தொடர வேண்டும். பன்னிரண்டாம் மாதம் ஒரு பொதுக்கூட்டம் கூட்டி இழப்புப் பட்டியல் நோட்டை வரி வரியாக வாசியுங்கள். வாக்குக் கொடுத்ததில் நிறைவேறாதவை எவை, யார் எப்போது முடிப்பார் என்று அங்கேயே எழுதுங்கள். தணிக்கை செய்த கணக்கைச் சபை ஒப்பிய பிறகு கட்டிடக் கமிட்டியைத் தீர்மானம் போட்டுக் கலைத்துவிட்டு, கோப்பின் ஒரு நகலைச் சேகர அலுவலகத்திலும் ஒன்றைத் திருமண்டல அலுவலகத்திலும் சேர்த்து ரசீது வாங்குங்கள்.